இளவரசனின் உயரம்

வணக்கம் நேயர்களே. நான் கிளிநொச்சியில் கம்பியூட்டர் திருத்துகிறவன். பழைய கேம்களைப் புதிய திரைகளில் முழுத்திரையாக ஓடவைப்பது பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். கடைக்கு இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர். அவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையில் ஒரு லப்டொப். அதில் பிரின்ஸ் ஒஃப் பெர்சியா, விண்டோஸ் பரவ முன்னம் இருந்த டொஸ் கணினிகளுக்கு 1990இல் வந்த அதே கேம். முதலில் திரை நடுவில் சின்னச் சன்னலாகத்தான் வந்ததாம். ஓல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழுத்தியதும் திரை நிறைந்துவிட்டது. ஆனால் தங்கச்சிக்குத் திருப்தியில்லை. கேமில் ஓடுகிற இளவரசனைக் காட்டினார்.

"அண்ணா, இவன் இப்பிடி இருக்கேல்லை. நல்ல நெடுவலாய் இருந்தவன். இப்ப பாருங்கோ, கட்டையாய், அகலமாய் நிக்கிறான்."

எவ்வளவு சரியான கண்! போரால் மூடிக்கிடந்த கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 பாதை 2002இல் திறந்த பிறகு கிளிநொச்சியில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் அவர் இதை விளையாடியிருக்கிறார். ஜெனரேற்றர் ஓடும் நேரம்தான் வகுப்பு. பாடம் முடிந்த பிறகு ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இந்தக் கேமில் இளவரசியைக் காப்பாற்ற இளவரசனுக்குத் தரப்படும் நேரம் 60 நிமிடம். பதினைந்து நிமிடக்காரர் எப்படி முடிப்பது? முடிக்காமல் விட்டதை இருபது வருடம் கழித்து மகனுக்குக் காட்ட வந்திருக்கிறார். அந்த மனிதன் உருமாறி நின்றால் பொறுக்குமா?

இந்தக் கேமை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர். 1989இல் அப்பிள் டூ கணினிக்காக முதலில் வெளியிட்டார். தன் தம்பியை ஓடவும் பாயவும் சொல்லி வீடியோவில் எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பார்த்துத்தான் இளவரசனை வரைந்தார். அதனால்தான் அவன் ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது கால் கொஞ்சம் சறுக்கும். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பு ஊஞ்சலாய் ஆடும். உண்மையான ஒரு பையனின் உடம்பு அது. படத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் முதலில் கெடுவது அந்த உடம்புதான்.

சரி, ஏன் இழுபடுகிறது? அந்த வகுப்பில் இருந்தவை பெட்டி மொனிற்றர்கள். கையைக் கிட்டக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்குமே, அவைதான். அவற்றின் கண்ணாடி நான்குக்கு மூன்று என்ற அளவு. உள்ளே கதிர்கள்தான் வரிவரியாகப் படத்தை வரையும். வரி குறைவான படமென்றாலும் கூடிய படமென்றாலும் அதே கண்ணாடியை நிரப்பிவிடும். இன்றைய தட்டைத் திரை அப்படியல்ல. பாத்தி கட்டி முடித்த தோட்டம் மாதிரி அதன் பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் சின்னப் புள்ளிகள், எண்ணி வைக்கப்பட்டவை. தங்கச்சியின் லப்டொப்பில் குறுக்கே 1366, நெடுக்கே 768. வடிவமும் பதினாறுக்கு ஒன்பது. நான்குக்கு மூன்றாக இருந்ததை அந்த அகலத்துக்கு இழுத்தால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. டொஸ் கேம்களில் பல குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. இதை நான்குக்கு மூன்று கண்ணாடியில் காட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடியதாக, 1.2 மடங்காக நின்றது. வரைந்தவர்கள் அப்படியான திரையில் பார்த்துத்தான் வரைந்தார்கள். இன்று சதுரப் பிக்சலில் அப்படியே போட்டால், பக்கவாட்டில் இழுக்காவிட்டாலும் இளவரசன் குள்ளமாவான். தங்கச்சி சொன்ன கட்டை இதுதான்.

இப்போது பேனையும் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். 64 பிட் விண்டோஸில் பழைய டொஸ் கேம்கள் நேரடியாக ஓடாது. டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் வேண்டும். அதை நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் டொஸ்பொக்ஸ் ஒப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். திறந்தால் நோட்பாடில் நீளமான கோப்பு ஒன்று வரும். பயப்பட வேண்டாம், நான்கே வரிதான் மாற்றப் போகிறோம். புல்ஸ்கிரீன் என்ற வரியில் ஃபோல்ஸ் என்பதை எடுத்துவிட்டு ட்ரூ என்று எழுதுங்கள். புல்ரெசொலூஷன் என்ற வரியில் உங்கள் திரையின் சொந்த அளவு, தங்கச்சியுடையதுபோல என்றால் 1366, நடுவில் ஆங்கில எக்ஸ், பிறகு 768. அவுட்புட் என்ற வரியில் ஓபன்ஜிஎல். கடைசியாக அஸ்பெக்ட் என்ற வரியில் ட்ரூ. பலர் முதல் மூன்றையும் செய்துவிட்டு இந்த நான்காவதை விட்டுவிடுகிறார்கள். இளவரசனுக்கு உயரத்தைத் திருப்பிக் கொடுப்பது அந்த ஒற்றை வரிதான். சேமித்துவிட்டு டொஸ்பொக்ஸை மூடித் திறவுங்கள். கேம் மிக வேகமாகவோ இழுத்து இழுத்தோ ஓடினால் கொன்ட்ரோலுடன் எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 அழுத்தினால் கூடும்.

இப்படிச் செய்தபோது தங்கச்சியின் திரையில் படம் 1024க்கு 768 ஆக வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. "மாமா, திரை முழுக்க வரேல்லையே" என்றான் மகன். முழு உயரமும் வந்துவிட்டது, அகலம் இவ்வளவுதான் அதற்கு என்றேன். இந்தப் பட்டைகளைப் பிழை என்று நினைத்துக் காசு கொடுத்துத் திருத்தக் கேட்கிறவர்களும் உண்டு. நான் வாங்குவதில்லை.

விண்டோஸ் காலத்துக் கேம்களுக்கு வழி வேறு. 1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் போன்றவை 256 நிறங்களை மட்டும் ஒரு பட்டியலாக வைத்து வரைபவை. புதிய விண்டோஸில் அந்தப் பட்டியல் குழம்பிப் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உங்கள் கம்பியூட்டரில் கோளாறு இல்லை. சிஎன்சி டிடிரோ என்ற சின்ன இலவசக் கருவியை கேம் இருக்கும் அதே கோப்புறையில் போட்டால் நிறமும் சரியாகும், முழுத்திரையும் கிடைக்கும். அதன் அமைப்புக் கோப்பில் புல்ஸ்கிரீன், மெயின்டாஸ் என்ற இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். மெயின்டாஸ் என்பது படத்தின் வடிவத்தைக் காப்பது. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் கருவியை விண்டோஸின் சொந்தக் கோப்புறைக்குள் கொண்டுபோய்ப் போடக் கூடாது, கேமின் பக்கத்தில் மட்டும்தான்.

லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் ரீவியில் போட்டு விளையாடுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் ரீவியின் பட அளவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்பவற்றில் ஒன்று இருக்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். அதோடு அந்தக் குறை போகும்.

அந்தத் தங்கச்சி அன்று கடையிலேயே நின்றபடி முதல் கட்டத்தை விளையாடினார். வாள் எங்கே கிடக்கும் என்று கை தானாகவே ஞாபகம் வைத்திருந்தது. முதல் தரம் கதவுக்குக் கீழே இருந்த கூர்முனையில் விழுந்து செத்தார், மகன் கைதட்டிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தார். "அண்ணா, மூன்றாவது கட்டத்தில ஒரு எலும்புக்கூடு எழும்பி வருது. எவ்வளவு வெட்டினாலும் சாகுதில்லை. நாங்கள் அந்தக் காலத்தில இவ்வளவு தூரம் வரவே இல்லை." பின்னால் மகன் கத்துவது கேட்டது. வெட்டிச் சாகாது தங்கச்சி, வாளால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய் விளிம்பில் விழுத்துங்கோ என்றேன். "பொறுங்கோ" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வணக்கம்.