இரண்டு படங்களுக்கு நடுவே

நேயர்களுக்கு வணக்கம். மொட்டு விரிவதையும் மேகம் திரள்வதையும் சில வினாடிகளில் காட்டும் காட்சிகளை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்த புகைப்படங்களைக் கோத்து, வினாடிக்கு 24 படம் என்று ஓட்டினால் அந்தக் காட்சி கிடைத்துவிடும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற தாவரவியலாளர் செடிகளின் அசைவை இப்படிப் பதிவு செய்தார். இன்று ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு பழைய கணினி, இரண்டையும் இணைக்கும் யூஎஸ்பி கம்பி இருந்தால் போதும். ஜிபோட்டோ என்ற இலவச மென்பொருள் பலவகைக் கேமராக்களைக் கணினியிலிருந்தே இயக்கும். உங்கள் கேமரா அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக எடுக்கச் சொன்னால் மறுத்துவிடும் கேமராக்களும் உண்டு.

கருவியைவிட முக்கியமானது இடைவெளி. எனக்கு மிகவும் பிடித்த பீன்ஸ் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அதன் நுனி காற்றில் துழாவியபடி வட்டமிடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 120 படங்கள். திரையில் ஐந்து வினாடி. நுனி தயங்குவதும், குச்சியைத் தொட்டதும் வளைந்து அணைவதும் துல்லியமாகத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அதே சுற்று அரை வினாடியில் முடிந்து கண்ணைச் சுழற்றும். மணிக்கு ஒரு படம் எடுத்தால் கொடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளும். இரண்டு மணிக்கு ஒரு படம் என்றாலோ, ஒவ்வொரு முறையும் நுனி பழைய இடத்துக்கே வந்திருக்கும்; கொடி சுற்றவே இல்லை, நேராக மேலே வளர்கிறது என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள்! இடைவெளியைச் சற்றுக் குறைத்து ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆக்குங்கள், எதிர்த்திசையில் சுற்றுவதுபோல் தெரியும். படங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் காட்சி பொய். அதனால்தான் சொல்கிறேன், முதலில் கேமராவைத் தொடாமல் செடியின் எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். அதன் வேகம் தெரிந்த பிறகு இடைவெளியை முடிவு செய்யுங்கள்.

இடைவெளியை முடிவு செய்தபின் அதைக் காப்பாற்றவும் வேண்டும். 'படம் எடு, அறுபது வினாடி காத்திரு, மறுபடி எடு' என்றுதான் பலரும் கணினிக்கு நிரல் எழுதுகிறார்கள். படத்தை எடுத்துக் கணினிக்கு அனுப்ப மூன்று வினாடி ஆகிறது என்று வையுங்கள். உண்மையான இடைவெளி 63 வினாடி. ஒரு நாளில் 1,440 படங்கள் வரவேண்டிய இடத்தில் 1,371 தான் வரும். இரவில், கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் என்ற திரை நீண்ட நேரம் திறந்திருந்தால் தாமதம் இன்னும் கூடும். பகலில் ஒரு வேகம், இரவில் ஒரு வேகம் என்று செடி வளர்வதாகத் தோன்றும். பஸ் நிலையத்தில் அட்டவணைப்படி வண்டி கிளம்புவதைப்போல, அடுத்த படத்துக்குரிய நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, கடிகாரம் அந்த நேரத்தைத் தொடும்வரை காத்திருக்கும்படி எழுதுங்கள். மீண்டும் சொல்கிறேன்: காத்திருக்க வேண்டியது கடிகாரத்துக்காக, முந்தைய படம் முடிந்ததற்காக அல்ல.

ஒளியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸின் துளை அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு, வண்ணச் சமநிலை, ஃபோகஸ் எனப்படும் குவியம் ஆகிய எல்லாவற்றையும் கையால் அமைத்துப் பூட்டிவிடுங்கள். கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் சற்றே மாறி, ஓட்டும்போது காட்சி மினுக்கும். கேமரா தானாக அணையும் வசதியையும், கணினி தானாக உறங்கும் வசதியையும் நிறுத்துங்கள். பேட்டரிக்குப் பதில் மின் இணைப்பு கொடுங்கள். நன்றி, வணக்கம்.