ஐந்து மில்லி எவ்வளவு?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் ஒரு சிரப் எழுதித் தருகிறார். மருந்துக்கடையில், “காலையும் இரவும் ஒரு ஸ்பூன் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் கைக்கு அகப்பட்ட ஸ்பூனை எடுக்கிறோம். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பணியில் இருந்த நாள் முழுக்க அந்த ஸ்பூனைப் பற்றித்தான் பேசினேன். இன்றும் அதையேதான் பேசப்போகிறேன்.

உங்கள் வீட்டு ஸ்பூன்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சர்க்கரை டப்பாவில் கிடப்பது ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று. டாக்டர் ஒரு ஸ்பூன் என்றால் ஐந்து மில்லி என்று பொருள். இவற்றில் எது ஐந்து மில்லி? கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரம் இருக்கும் அட்டிக்கா பகுதியில் 25 வீடுகளின் ஸ்பூன்களை வாங்கி அளந்து பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு அது. 71 டீஸ்பூன்களை அளந்ததில் மிகச் சிறியது 2.5 மில்லி பிடித்தது, மிகப் பெரியது 7.3 மில்லி பிடித்தது. ஒரே பெயர், ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாடு! காலையில் அம்மா ஒரு ஸ்பூனில் கொடுக்கிறார், மாலையில் பாட்டி வேறொரு ஸ்பூனில் கொடுக்கிறார். இருவரும் டாக்டர் சொன்னபடியே கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த மருந்து மட்டும் ஒன்றல்ல.

இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் ஆராய்ந்துவருபவர் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஷோனா யின். அவருடைய கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால், பெற்றோரைக் குறை சொல்லாமல் அவர்கள் கையில் என்ன கொடுத்தோம் என்று கேட்பவைதான். 2010-இல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்கும் 200 குழந்தை மருந்துப் பாட்டில்களை அவருடைய குழு பரிசோதித்தது. நான்கில் மூன்று பாட்டில்களோடுதான் அளக்க ஏதாவது இருந்தது. இருந்தவற்றிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலுமே, லேபிளில் எழுதியிருந்ததும் குவளையில் கோடு போட்டிருந்ததும் ஏதாவதொரு வகையில் ஒத்துப்போகவில்லை. லேபிள் ஓர் அளவு சொல்லும், குவளையில் அந்த அளவுக்குக் கோடே இருக்காது. தேவையே இல்லாத கோடுகளோ நிறைய இருக்கும். காய்ச்சலில் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் அதைப் படிக்கும் தாய் என்ன செய்வார்?

பிறகு 2016-இல் ஒரு பெரிய ஆய்வு. அமெரிக்காவின் மூன்று ஊர்களில், எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெற்றோர் 2,110 பேர். ஒவ்வொருவரும் ஒன்பது முறை அளந்து காட்ட வேண்டும்: சில முறை மூடி போன்ற குவளையில், சில முறை ஊசியில்லாத சிரிஞ்சில். நூற்றுக்கு 84 பேர் ஒரு முறையாவது தவறினார்கள். சொட்டு கூடக் குறையப் போனதைத் தவறு என்று அவர்கள் எண்ணவில்லை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால்தான் தவறு. ஐந்து பேரில் ஒருவர் ஒரு முறையாவது இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஊற்றிவிட்டார். சிரிஞ்சோடு ஒப்பிட்டால் குவளையில் தவறு நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். சிறிய அளவுகளில்தான் இந்த வேறுபாடு மிக அதிகம்.

ஏன் குவளையில் இவ்வளவு தவறுகிறது? குவளையின் வாய் அகலம். இரண்டரை மில்லி ஊற்றினால் அடியை மூடும், அவ்வளவுதான். அங்கே ஒரு நூல் உயரம் கூடினாலே மருந்து கணிசமாகக் கூடிவிடும். சிரிஞ்சு ஒடுக்கமானது. அதே மருந்து அதில் நீளமாக நிற்கும், கோட்டுக்குக் கோடு கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, குவளையைக் கையில் பிடித்து மேலிருந்து பார்க்கிறோம். கையும் ஆடுகிறது, கண்ணும் ஏமாற்றுகிறது. குவளைதான் இருக்கிறது என்றால் மேசைமேல் வைத்துவிட்டு, நீங்கள் குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மீண்டும் சொல்கிறேன், குவளையைத் தூக்காதீர்கள், நீங்கள் குனியுங்கள்.

ஷோனா யின் இதற்கு வழியும் காட்டினார். 2008-இல் வெளியான ஆய்வு, நியூயார்க்கின் பொது மருத்துவமனை ஒன்றில் நடந்தது. படம் போட்ட எளிய தாள் ஒன்று, கையில் ஒரு சிரிஞ்சு, ‘இப்போது நீங்கள் அளந்து காட்டுங்கள்’ என்ற ஒரு வேண்டுகோள். இவ்வளவுதான் செய்தார்கள். தினசரி மருந்துகளில், வழக்கம்போல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 48 பேர் அளவில் தவறினார்கள். படத்தாளும் செயல்முறையும் கிடைத்தவர்களில் தவறியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அளந்து காட்டச் சொன்னார்கள். எனக்கு இந்த முடிவைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இந்த இடத்தில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் எங்கே பேசினாலும் இவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு நாள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்று தீர்ந்துபோன காய்ச்சல் சிரப், 60 மில்லி பாட்டில். மற்றது, அதே பெயரைச் சொல்லி மகன் கடையில் புதிதாக வாங்கி வந்தது. “தம்பி, டாக்டர் வேளைக்கு ஐந்து மில்லி என்று மூன்று நாளைக்கு எழுதினார். இந்தப் பாட்டிலில் மொத்தமே பதினைந்து மில்லிதான் இருக்கிறது. மூன்று வேளையிலேயே தீர்ந்துவிடுமே, இது அதே மருந்துதானா?” என்று கேட்டார். அவர் பல ஆண்டுகள் பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றியவர். அளவு அவர் கையில் இருந்தது.

கேள்வி எவ்வளவு சரியானது பாருங்கள்! மருந்து அதே பாராசிட்டமால்தான். பழைய சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். புதியது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அதில் ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. பேத்திக்கு வயது இரண்டு, எடை பத்து கிலோ. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான். 500 மில்லிகிராம் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரையின் அளவு. அளவு மீறி மீறிப் போனால் கல்லீரல் கெடும். பாட்டி ஒரு வேளைகூடக் கொடுக்காமல், சந்தேகம் வந்த உடனே பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் அன்று கேட்ட கேள்வியைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்கிறேன். சொட்டு மருந்து சிறிய பாட்டில் என்பதால் வீரியம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சிறிய பாட்டிலில் இருப்பதுதான் வீரியம் மிக்கது.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. அங்கே கைக்குழந்தைகளின் சொட்டு மருந்து, பெரிய குழந்தைகளின் சிரப்பைவிட மூன்று மடங்கு வீரியமாக இருந்தது. 2011-இல் தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே வீரியத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் சிரப்பிலேயே 120, 125, 250 என்று பல வீரியங்கள், சொட்டு மருந்து தனி. இங்கேயும் ஒன்றாக்க வேண்டும். குழந்தைகளின் திரவ மருந்து ஒவ்வொன்றோடும் ஒரு சிரிஞ்சு வர வேண்டும். டாக்டர் சீட்டில் ஸ்பூன் என்ற பேச்சே இருக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-லேயே மில்லிலிட்டரில் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது.

சிரிஞ்சில் கொடுக்கும்போது குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம். சிரிஞ்சு நுனியில் சின்ன மூடி இருந்தால் முதலில் கழற்றி எறிந்துவிடுங்கள், குழந்தை விழுங்கிவிடும்.

நேரம் முடிகிறது என்று நிலைய நண்பர் சைகை காட்டுகிறார். சளி மருந்துகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இப்போதைக்கு இதை மட்டும் சொல்கிறேன்: சில சளி சிரப்புகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சல் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும், லேபிளைக் காட்டிக் கேளுங்கள். தண்ணீர் கலக்கும் பவுடர் ஆன்டிபயாடிக் என்றால், கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கிய பின் கோட்டை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டே அளக்க வேண்டும். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுத்த பின் மீதி இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்காதீர்கள். வணக்கம்.