தாய்லாந்துக்குத் தலையோடு போய்த் தலையோடு வாருங்கள்

(வெளிநாட்டுத் தொண்டர் வழியனுப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றிப் பாதி உண்மையும் பாதி அன்புமாகப் பேசிய செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அரிசி ஆலை அதிபர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, கைக்குழந்தையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பள்ளிகளில் தொண்டாகப் பாடம் சொல்லித்தர அடுத்த மாதம் தாய்லாந்துக்குப் புறப்படும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கு இன்னொரு விழா இருக்கிறது. நடுவில் எழுந்து போவார். என் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். உணவு, குடிநீர், மரியாதை, அரசாங்கக் காகிதங்கள், பயணம் என ஐந்து செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான். ஒரு பழமொழி இல்லாமல் எந்த மேடையிலும் இறங்கியதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இதை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

முதலில் உணவு. நீங்கள் போகும் ஊர்களில் பெரும்பாலானவை வடகிழக்கே உள்ள இசான் வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கே ஒட்டரிசிச் சோறுதான். காவ் நியாவ் என்பார்கள். மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் வைத்திருப்பார்கள். கையால் கிள்ளி, உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் முதல் நாளே வீட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொள்வீர்கள். சாப்பிட்டு முடித்ததும் கூடையை மூடிவிடுங்கள். திறந்தபடி விட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சோறும் காய்ந்து விறைத்துவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆற்றிலும் குளத்திலும் பிடித்த மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூள் தூவி, கோய் பிளா என்று வைப்பார்கள். தொடாதீர்கள். அந்த மீனில் இருக்கும் கல்லீரல் புழு மனிதனின் பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் தங்கும். பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அங்குள்ள கோன் கேன் மாகாணமும் ஒன்று. எலுமிச்சைச் சாற்றுக்குப் புழு சாகாது. நெருப்பு பட வேண்டும். "வயிறு சரியில்லை" என்று கையைக் குவித்துச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், வற்புறுத்த மாட்டார்கள்.

சைவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. ரோய் எட் மாகாணத்தில் ஒரு கிராமம். எங்கள் குழுவில் விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். சுத்த சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார். (சிரிக்காதீர்கள், இந்த மண்டபத்திலேயே அப்படிப் பாதிப் பேர் இருக்கிறீர்கள்.) முதல் நாள் இரவு ஊர்த்தலைவர் வீட்டில் விருந்து. கோழி வந்தது, தம்பி வேண்டாம் என்றார். மீன் வந்தது, வேண்டாம் என்றார். ஊர்த்தலைவர் பதறிப்போனார். வேறென்னதான் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். காய்கறி சாப்பிடுவேன், முட்டை சாப்பிடுவேன் என்றார் இவர். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

அங்கே கிராமத்துக்குக் கிராமம் கம்பத்தில் ஒலிபெருக்கி இருக்கும். விடிவதற்கு முன்பே ஊர்த்தலைவர் அதில் பேசத் தொடங்கிவிடுவார். மறுநாளும் தொடங்கினார். தண்ணீர்த் தாழிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று சுகாதாரத் தொண்டர்கள் பார்க்க வருவார்கள் என்றார். கோயில் திருவிழாவுக்கு வசூல் என்றார். மூன்றாவதாக, இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர் கறி, மீன் உண்பதில்லை, முட்டை உண்பார், ஊர் மக்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டார்! பல் துலக்கி முடிப்பதற்குள் வாசலில் பெண்கள் வரிசை. ஒருவர் பப்பாளிக்காய் சாலட் கொண்டுவந்தார். கறி இல்லை, ஆனால் ஊறவைத்த மீன் குழம்பு ஒரு கரண்டி கலந்திருந்தது. இன்னொருவர் மூங்கில் குருத்துச் சாறு கொண்டுவந்தார். அதிலும் அதே மீன். பிளாரா என்னும் அந்த ஊறவைத்த மீன் இல்லாமல் இசானில் அடுப்பே எரியாது, அவர்கள் கணக்கில் அது மீனும் அல்ல, உப்பு மாதிரி. கடைசியில் ஒரு பாட்டி வாழையிலைப் பொட்டலத்தைப் பெருமையோடு பிரித்தார். வெள்ளை வெளேரென்று, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மினுமினுப்பாக ஏதோ இருந்தது. தம்பி என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். சிவப்பு எறும்பின் முட்டை! மாமரத்தில் ஏறிக் கூட்டைக் கலைத்து எடுத்தது. கோடையில்தான் கிடைக்கும், சந்தையில் நல்ல விலை போகும். முட்டை சாப்பிடுவேன் என்றாரே, பாட்டி மேல் என்ன தப்பு?

தம்பியின் முகத்தைப் பார்த்த ஊர்த்தலைவர், கோழி முட்டை வாங்கிவர மோட்டார் சைக்கிளில் சந்தைக்குக் கிளம்பினார். அவரிடம் தலைக்கவசம் இருந்தது. முன்கூடையில் கிடந்தது. சந்தையில் முட்டை வாங்கினார். உடையாமல் வர வேண்டுமே என்று தலைக்கவசத்தை மல்லாத்தி வைத்து, உள்ளே வைக்கோலைப் பரப்பி, முட்டைகளை அதில் அடுக்கிக்கொண்டார். ஊர் எல்லையில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. வண்டி சாய்ந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டே முட்டைகள்தான் உடைந்திருந்தன. ஊர்த்தலைவரின் நெற்றிக்கு மேலே ஏழு தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அங்கே தலைப்பாகை முட்டைக்குக் காவல் இருந்தது. வந்தது தலைக்கே வந்துவிட்டது.

மாவட்டக் கல்வி அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, வேகமாகப் போகிறேன்.

மரியாதை. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். புத்தர் சிலைக்கோ பெரியவருக்கோ எதிரே காலை நீட்டக் கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் கூடாது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலித்தால் நின்ற இடத்தில் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றிக் கேலியாக ஒரு சொல் வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் மூன்று முதல் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை. குழந்தை அழகாக இருக்கிறது என்று தலையைத் தடவாதீர்கள். உடம்பில் தலைதான் மிக உயர்ந்தது, புனிதமானது என்பது அவர்கள் எண்ணம். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் இளையவர்கள் குனிந்துதான் கடந்து போவார்கள், தம் தலை அவர்கள் தலைக்கு மேலே போய்விடக் கூடாது என்று.

தலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நாட்டில், சாலையில் மட்டும் தலையை ஏன் இப்படி அனாதையாக விடுகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அதன் கணக்குப்படி தாய்லாந்தில் 2016இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 33 பேர் சாலையில் செத்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். ஏப்ரலில் சோங்கிரான் புத்தாண்டு வந்தால் 'ஏழு ஆபத்து நாட்கள்' என்று அரசே பெயர் வைத்து, தினமும் சாவுக் கணக்கை அறிவிக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. போலீஸ் நிற்கும் திருப்பம் வரைக்கும் தலைக்கவசம் கூடையில் வரும், திருப்பத்தில் தலைக்கு ஏறும், தாண்டியதும் கூடைக்குத் திரும்பிவிடும். நம் ஊரைப் பற்றி நான் பேசவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நீங்கள் வாடகை வண்டி எடுக்கவே மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு நடந்து போகும்போது ஒரு அக்கா வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள் என்பார். மறுத்தால் மனம் நோகுமே என்று ஏறிவிடுவீர்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தலைக்கவசம் எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏறுங்கள், போட்டுக்கொள்ளுங்கள். யார் மனமும் நோகாது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் வண்டி ஓட்டத் துணிச்சல் வந்துவிடும். இருசக்கர வண்டிக்குச் செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இல்லாமல் கைப்பிடியைத் தொடாதீர்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையிலேயே நெல்லைக் காயப்போடுவார்கள். நெல்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அடிபட்டால் 1669 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்.

இசான் மக்கள் விருந்தாளிக்குச் சடங்கு செய்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். உயிர் உடம்பைவிட்டு அலையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக் கட்டுவது. குறைந்தது மூன்று நாளாவது அவிழ்க்காதீர்கள். பாட்டிகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டும்போது கண் கலங்கிவிடும், எனக்குக் கலங்கியது. நூலையும் கட்டிக்கொள்ளுங்கள், தாடைப் பட்டையையும் கட்டிக்கொள்ளுங்கள். பட்டை கட்டாத தலைக்கவசம் விழும்போது தலைக்கு முன்னால் போய்விடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டுமென்றால் தலைப்பாகை தலையில் நிற்க வேண்டும் அல்லவா?

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். குடிநீரைப் பற்றி நான் சொல்லவே இல்லை. செயலாளர் தரும் அச்சிட்ட தாளில் இருக்கிறது. காகிதங்களில் ஒன்று மட்டும். சம்பளம் இல்லாத தொண்டும் அங்கே சட்டப்படி வேலைதான், சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்காதீர்கள். நீங்கள் வந்து தங்கிய செய்தியை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் ஊர்த்தலைவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். மண்டப வாசலில் இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். நன்கொடையாளர்கள் தந்த ஐஎஸ்ஐ முத்திரைத் தலைக்கவசங்கள் அடுக்கியிருக்கின்றன. புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கூடவே, தங்கப்போகும் வீட்டுக் குழந்தைக்கு ஒரு சின்ன அளவு. பெட்டியில் இடம் இல்லை என்று யாராவது சொன்னால் பட்டுப்புடவையையும் முறுக்கு டப்பாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். போட்டுப் பார்த்து, தலையை ஆட்டிப் பார்த்து, பட்டையை மாட்டிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். பெரிய அளவு ஐந்துதான் இருக்கிறது. தலைவர் ஏற்கனவே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார். அதனால் முந்திக்கொள்ளுங்கள். வணக்கம்.