இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எஸ்யூவியோ பிக்கப் டிரக்கோ வைத்திருக்கும் பலருக்குள்ளும் ஓர் ஆசை இருக்கும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பாமல், அந்த மண்தடத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று. விளம்பரக்காரர்களுக்கும் இந்த ஆசை நன்றாகத் தெரியும். அவர்கள் காட்டும் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பாயும், ஓடையைக் கிழித்துக்கொண்டு போகும். அப்படி ஓட்டினால் முதல் நாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியதுதான். நிஜத்தில் ஆஃப்ரோடு ஓட்டுவது, அதுவும் புதியவர்களுக்கான பாதைகளில், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும் அளவுக்கு மெதுவாக நடக்கும். ஓட்டுநர் பல நேரம் வண்டியிலேயே இருக்க மாட்டார். கீழே இறங்கிக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் குனிந்து பார்க்கும் வேலையைப் பற்றித்தான்.

முதலில் பாதை. இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய இடங்களில் பாதைகளுக்குத் தரம் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மோயாப் பகுதியில் 1 முதல் 10 வரை எண் கொடுக்கிறார்கள். வேறு சில இடங்களில் பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம். புதிதாக ஓட்டுபவர் 1, 2, அதிகம் போனால் 3 என்ற எண்ணோடு நின்றுகொள்ளலாம். கெட்டியான மண், சரளை, ஆழமில்லாத சக்கரப் பள்ளங்கள், ஓரத்தில் பாதாளம் இல்லாத ஏற்றம், இவ்வளவுதான் அந்தப் பாதைகளில் இருக்கும். ஆனால் ஒன்று: அந்த எண் காய்ந்த தரைக்குப் போட்டது. ஒரு நல்ல மழை பெய்தால் களிமண் பாதை எண்ணெய் பூசியதாகிவிடும், நேற்று 2 என்று இருந்தது இன்று 5 ஆகலாம். அதனால் யாரோ போன மாதம் எடுத்த வீடியோவை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது வண்டி. ‘என் வண்டியில் இது முடியுமா’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எளிய பாதைக்குக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி போதும். தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே 200 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி, தேய்ந்து போகாத டயர், ஒரு நல்ல ஸ்டெப்னி. எக்ஸ்ட்ரா விளக்கு, கூரைமேல் ரேக், பெரிய டயர் எல்லாம் அப்புறம். என்னைக் கேட்டால் முதல் வருடம் எதையுமே மாட்ட வேண்டாம் என்பேன். எது தேவைப்படுகிறது என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இடைவெளியைவிட மூன்று கோணங்கள் முக்கியம். முன் பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணம், பின் பம்பர் உரசாமல் இறங்கும் கோணம், நடுவயிறு மேட்டில் உட்காராமல் தாண்டும் கோணம். நகரத்து எஸ்யூவி பலவற்றில் முன் கோணம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். சேஸிஸ் மேல் கட்டிய ஆஃப்ரோடு வண்டிகளில் 35-க்கு மேலும் போகும். நீளமான பிக்கப் டிரக்குக்கு முன்பக்கம் நன்றாக இருந்தாலும் பின்பக்கம் தொங்கும். சக்கரங்களுக்கு நடுவே தூரம் அதிகம் என்பதால் வயிறும் தட்டும். வண்டியோடு வரும் கையேட்டில் இந்த எண்கள் இருக்கும். அதைவிட நல்லது, கிளம்புவதற்கு முன்னால் தரையில் படுத்து உங்கள் வண்டியின் அடியை ஒருமுறை பார்த்துவிடுவது. எது மிகத் தாழ்வாகத் தொங்குகிறது, டிஃபரன்ஷியல் உருண்டை (ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் தொகுதி) நடுவிலா ஒரு பக்கமா, சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருந்தால், பாதையில் ஒரு கல் வரும்போது அதை எந்தப் பக்கம் விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி ஒரு குழப்பம் உண்டு. லீவரைப் போட்டு நான்கு சக்கரத்தையும் இணைக்கும் பழைய பாணி வண்டியில், காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் தண்டுகளிலும் கியர்களிலும் முறுக்காக ஏறுகிறது. மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அந்த முறுக்கு தானாகவே விடுபட்டுவிடும். ஆகவே மண்தடம் தொடங்கும் இடத்தில் ஃபோர் ஹை, அதாவது வழக்கமான கியர் வேகத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை, போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஃபோர் லோ, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை, கிடையாது. எளிய பாதைக்கு அது பெரிய குறையில்லை, செங்குத்தான இறக்கத்தில் மட்டும் அதன் அருமை தெரியும். அங்கே பிறகு வருகிறேன்.

இப்போது டயர் காற்று. காசு செலவில்லாமல் வண்டியின் குணத்தையே மாற்றும் விஷயம் இது ஒன்றுதான். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் வண்டியை, சரளையிலும் கரடுமுரடான மண்ணிலும் 25 அளவுக்கு இறக்கலாம். ஆழமான மணலில் 15 முதல் 18. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் பதியும் இடம் நீளவாக்கில் கூடுகிறது. அகலத்தில் கூடுவது கொஞ்சம்தான். அந்த நீளம்தான் மணலில் புதையாமல் வண்டியைத் தாங்குகிறது. கூரான கல்லின் மேல் ஏறும்போதும், காற்று குறைந்த டயர் வெறுங்கால் பாதம்போல் கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. விறைப்பான டயர் வழுக்கும், அல்லது குத்து வாங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

இதற்கு விலை உண்டு. 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்பதால் கூரான கல் அங்கே கிழிக்கும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். ஆகவே டயர் காற்றை அளக்கும் கேஜும், பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸரும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். முதலில் வாங்கவேண்டிய சாமான்கள் அந்த இரண்டும்தான்.

சரி, பாதைக்குள் வந்துவிட்டோம். எதிரே ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது. சாலையில் பழகிய மனது, கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுத் தாண்டச் சொல்லும். இங்கே அதற்கு நேர்மாறு. டயர் உருண்டு ஏறுவதற்கென்றே இருக்கிறது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி அடி வாங்குவதற்கு இல்லை. எனவே டயரைக் கல்மேல் ஏற்றுங்கள், அடிப்பகுதியும் கூடவே உயர்ந்துவிடும். பாதையில் இரண்டு ஆழமான சக்கரப் பள்ளங்கள் ஓடினால், முடிந்தவரை ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் வைத்துப் போங்கள். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாமல் போய், பள்ளம் முடிகிற இடத்தில் வண்டி திடீரென்று ஒரு பக்கமாகப் பாயும். தலையை வெளியே நீட்டி முன்சக்கரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

குறுக்கே ஓடும் சிறு வாய்க்காலையோ விழுந்து கிடக்கும் மரத்தையோ கொஞ்சம் சாய்வாகத் தாண்டினால் ஒவ்வொரு சக்கரமாக இறங்கி ஏறும். மற்ற மூன்றும் தள்ளும். அதிகமாகச் சாய்த்தால் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு சக்கரங்கள் தொங்கிப்போய் அவை மட்டும் சும்மா சுழலும். சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அது. பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு திருப்புவிசையை ஏற்கிறதோ, அதே அச்சில் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். பதறி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதால் குழிதான் ஆழமாகும். இன்றைய வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்துக்கு பிரேக் போட்டு அந்த விசையை மறுபக்கம் அனுப்பும். அது வேலை செய்ய ஒரு கணம் எடுக்கும், கடகடவென்று சத்தமும் வரும். ஆக்ஸிலரேட்டரை ஒரே நிதானத்தில் பிடித்துக்கொண்டு அதற்கு நேரம் கொடுங்கள்.

வாய்க்காலுக்குச் சாய்வு சரி. மலைச்சரிவுக்கு அந்தக் கதையே வேண்டாம். ஏறினாலும் இறங்கினாலும் நேராக. சரிவில் குறுக்கே திரும்பும் வண்டியில், கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், உருண்டுவிடும். சாயத் தொடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்த அந்த நொடியில் ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கமாகத் திருப்ப வேண்டும். மனது மேட்டுப் பக்கம் திருப்பத்தான் துடிக்கும்.

ஏற்றத்தில் ஏறும் முன் நடந்து உச்சிவரை போய்ப் பாருங்கள். உச்சியை நெருங்கும்போது பானெட்டுக்கு மேல் வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் பாதை இடப்புறம் வளைகிறதா, பள்ளம் இருக்கிறதா, எதிரே வேறு வண்டி வருகிறதா என்பது காரிலிருந்து தெரியாது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் நியூட்ரலுக்குப் போகக் கூடாது, திரும்பவும் முயலக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். இதை ஒரு சின்ன மேட்டில் வேண்டுமென்றே நிறுத்திப் பழகிவிட்டால், நிஜமாக நிற்கும் நாளில் கை தானாகவே சரியானதைச் செய்யும்.

இறக்கத்துக்குத்தான் ஃபோர் லோ. 1941-இல் வில்லிஸ் ஜீப் ராணுவத்துக்காகத் தயாரான காலத்திலேயே அதில் இந்தக் குறை வேக கியர் இருந்தது. சாதாரண கியரை இன்னும் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை தணித்துக் கொடுக்கும். வண்டியை நிறுத்தி அல்லது நடை வேகத்தில் நியூட்ரல் போட்டு, ஃபோர் லோவுக்கு மாற்றி, முதல் கியரில் இறங்குங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலையில் 1-இல் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கை நம்பி இறங்கினால் சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும், சறுக்கும் வண்டிக்கு ஸ்டீயரிங் கேட்காது. அப்படி நடந்தால் பிரேக்கை விட்டு, சக்கரத்தை மறுபடி உருளவிட வேண்டும். சொல்வது சுலபம், கால் கேட்பது கஷ்டம்.

தண்ணீரில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமில்லை. நடந்து கடக்கத் தயங்கும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். ஓடும் நீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான எஸ்யூவிகளையும் பிக்கப்களையும் இழுத்துப் போகும். கம்பெனி சொல்லும் நீராழ எண் தேங்கிய நீரில் மெதுவாகப் போவதற்கு. புதியவருக்கு நான் சொல்லும் அளவு சக்கரத்தின் நடுப்பகுதி, அதற்கு மேல் வேண்டாம். ஒரு குச்சியோடு நடந்து அடித்தளம் கெட்டியா என்று பார்த்து, முன்னால் எழும் அலையை முந்தாமல் ஒரே வேகத்தில் போங்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் போனால், நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகள் வளைந்துவிடும். எனவே தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கட்டி இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

அந்த இழுக்கும் வேலைக்கு இரண்டாவது வண்டி வேண்டும், தனியாகப் போகாதீர்கள் என்பதன் காரணமும் அதுதான். இழுப்பதற்கு முன் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணை அள்ளுங்கள். பத்தில் எட்டு தடவை வண்டி தானாகவே வெளியே வரும் என்று ஒரு கணக்கு சொல்லத் தோன்றுகிறது, சரி, பெரும்பாலும் வரும் என்று வைத்துக்கொள்வோம். கட்டாயம் கயிறு கட்ட வேண்டும் என்றால் சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் கட்டுங்கள். ட்ரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் ஒருபோதும் கட்டாதீர்கள். வெட்டி இழுக்கும் வேகத்தில் அது உடைந்து குண்டுபோல் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. கயிறு விறைக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிற்கட்டும்.

வழி காட்டக் கீழே இறங்கி நிற்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் கையாட்டினால் ஓட்டுபவர் யாரையும் பார்க்க மாட்டார். எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் படவில்லை என்றால் அந்த இடத்திலேயே பிரேக்.

குறுகலான பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது வழக்கம். ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது கடினம். சேற்றுக் குட்டையைச் சுற்றிப் புல்லில் போனால் அடுத்த வண்டியும் அதே வழியில் போகும், சில மாதங்களில் பாதை மூன்று மடங்கு அகலமாகிவிடும். பிறகு வனத்துறை கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் 1985-இல் அங்கிருக்கும் வனத்துறையே ‘ட்ரெட் லைட்லி’ (மென்மையாக மிதியுங்கள்) என்று, தடத்தைச் சிதைக்காமல் ஓட்டச் சொல்லும் ஒரு முயற்சியைத் தொடங்க வேண்டிவந்தது. ஆகவே குட்டை ஆழமில்லை என்றால் நடுவிலேயே போங்கள். ஆழமென்றால் திரும்பிவிடுங்கள்.

தார்ச்சாலைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டயரில் காற்றை ஏற்றுங்கள், ஃபோர் வீலை எடுங்கள், பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து ஈரத்தைப் போக்குங்கள். ரிம்மின் உட்புறம் ஒட்டிய சேற்றைத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். சைலன்சர் பக்கம் காய்ந்த புல் சிக்கியிருந்தால் கையோடு பிடுங்கிவிட வேண்டும், அங்கிருக்கும் சூட்டில் தீப்பிடிக்கும். தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயை அந்த வாரமே பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியாக வேண்டும்.

அடுத்த முறை புதுப் பாதை தேட வேண்டாம். இதே பாதையை எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஏறிய இடமெல்லாம் இறக்கமாகியிருக்கும், போன தடவை கவனிக்காமல் கடந்த கல் இந்தப் பக்கத்திலிருந்து படிக்கட்டாக நிற்கும். மறுபடி இறங்கி நடக்க வேண்டியதுதான். வணக்கம்.