பெரட்டுக்கு ஆள் வரும்வரைதான் துரை

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். "ஆட்சியின் வலிமை ஆள்வோரிடமா, மக்களிடமா?" என்பது தலைப்பு. மக்களிடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா சொன்னார்: "ஓட்டுப் போட்டு வெளியே வந்ததும் உங்கள் வலிமை தீர்ந்தது." ஐயா, ஓட்டே இல்லாத காலத்துக்குப் போவோம். 1941, நம் மலேசியா வெள்ளைக்காரன் கையில் மலாயாவாக இருந்த காலம், கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்கள். காலையிலிருந்து பால்மரம் சீவிய களைப்போடு ஒருவர் சைக்கிளில் வருகிறார். எதிரே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணிக்கும் அதே மரியாதை! "இனி இறங்க மாட்டோம்" என்பதையும் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின.

சரி, அடக்கிவிட்டார்களே என்பீர்கள். ஜெர்மனியோடு போரில் மாட்டியிருந்த ஒரு சாம்ராஜ்யம், தோட்டத்துச் சனங்கள் வேலைக்குப் போகாமல் லயத்து வீடுகளில் உட்கார்ந்துவிட்டதற்காக எதற்குப் பட்டாளத்தை அனுப்ப வேண்டும்? அந்தக் கைகள் ஓய்ந்தால் ரப்பர் இல்லை. ரப்பர் இல்லாமல் போர் வண்டி ஓடாது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆள் வந்து நிற்கும்வரைதான் துரை துரையாக இருக்க முடிந்தது.

"உள்ளாட்சித் தேர்தலை 1965-ல் நிறுத்தினார்கள், 1976-ல் சட்டம் போட்டு எடுத்தே விட்டார்கள். மக்கள் என்ன கிழித்தார்கள்?" என்று எதிரணி அம்மா கேட்டார். அம்மா, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. நாம் குடியிருக்கும் தாமானில் சாக்கடை அடைத்துக்கொண்டால், நாம் தேர்ந்தெடுக்காத ஓர் உறுப்பினரைத் தேடி இன்றும் அலைகிறோம். ஆனால் ஒன்றுக்கும் உதவாத ஓட்டை யார் மெனக்கெட்டுப் பறிப்பார்கள்? அதன் பலம் தெரிந்துதான் எடுத்தார்கள்.

1974 முதல் இந்தத் தொகுதியை வைத்திருந்த அமைச்சர் சாமிவேலுவை 2008-ல் தோற்கடித்தது எந்த ஊர்? இதே ஊர்! சுதந்திரம் வாங்கியது முதல் ஆண்ட தரப்பு 2018 மே 9-இல் இறங்கியதும் நாடறியும்.

பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, 2021 டிசம்பர் முதல் 18 வயதானாலே உங்கள் பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் உள்ளாட்சித் தேர்தல் எப்போது திரும்பும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அவரைக் காரில் ஏற விடாதீர்கள்.