அரசு அவரைத் தூக்கிலிட்டது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மரண தண்டனைச் செய்தியில் நாளேடுகளின் மொழி உண்மையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? மறைக்கிறது என்பது எங்கள் கட்சி. எதிரணி ஐயா, "பத்திரிகை பதறக் கூடாது, அடக்கமாக எழுதுவதே நேர்மை" என்றார். அடக்கமாகவே எழுதட்டும் ஐயா. ஆனால் அடக்கம் வேறு, மறைப்பு வேறு.

"நேற்று அதிகாலை தண்டனை நிறைவேற்றப்பட்டது." இந்த வரியில் கொன்றது யார்? இல்லை. செத்தது யார்? அவரும் இல்லை. தண்டனைதான் எழுவாய்! தமிழில் ஆசை நிறைவேறும், வேண்டுதல் நிறைவேறும், சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறும். ஒரு மனிதன் கழுத்தில் கயிறு இறுகுவதற்கும் அதே சொல்லா?

"கொலையுண்டவர் குடும்பத்தை மறந்தீர்களே" என்றார் எதிரணி அம்மா. மறக்கவில்லை அம்மா. அந்தக் கொலையை எழுதும்போது "குத்திக் கொன்றான்" என்று வினை நிமிர்ந்து நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும். அரசு கொல்லும்போது மட்டும் வினை ஏன் கூனிக் குறுகி 'பட்டது' ஆகிறது? அந்த 'ஆன்' விகுதியையும் பாருங்கள். நேற்றுவரை 'வந்தார்', கைதான மறுநாளே பல நாளேடுகளில் 'வந்தான்'. தீர்ப்புக்கு முன்பே மொழி தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அமெரிக்காவின் அலபாமாவுக்கு வாருங்கள். 1988இல் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில் குற்றவாளி கென்னத் ஸ்மித். வழக்கைக் கேட்கப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 12 ஜூரிகளில் 11 பேர் ஆயுள் தண்டனை போதும் என்றார்கள். நீதிபதி அதை மீறி மரணம் விதித்தார். "நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது" என்று ஒரு வரியில் முடித்தால் அந்த 11 பேர் எங்கே போனார்கள்? 2022இல் விஷ ஊசி போட நரம்பு கிடைக்காமல் முயற்சி கைவிடப்பட்டது. 2024 ஜனவரி 25 அன்று நைட்ரஜன் வாயு செலுத்திக் கொன்றார்கள், உலகில் முதன்முறையாக. மாநில அட்டர்னி ஜெனரல், எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்தது என்றார். சாட்சியாக உள்ளே இருந்த நிருபர்களோ, ஸ்மித் நிமிடக்கணக்கில் உதறித் துடித்ததை எழுதினார்கள். அதில் ஆவேசம் இல்லை, அடைமொழி இல்லை. கண்டதற்கு உரிய வினைச்சொல் இருந்தது. ஐயா கேட்ட அடக்கமும் அதிலேயே இருக்கிறது. அதிகாரியின் சொல்லை மட்டும் அச்சிட்டிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

நடுவர் அவர்களே, "அரசு அவரைத் தூக்கிலிட்டது." மூன்றே சொல். இதில் பதற்றம் எங்கே இருக்கிறது என்று எதிரணி காட்டட்டும்.