தாத்தாவின் பதக்கமும் ஹாக்கி மட்டையும்

வணக்கம் நேயர்களே. ஆயுத பூசைக்கு முதல் நாள் பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்குவார்கள். உள்ளே நாலைந்து பட்டாளத்துப் பதக்கங்கள், ஒரு ஹாக்கி மட்டை, சில காகிதங்கள். குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு பதக்கத்துக்கும் புளி போட்டுவிடுவார்கள். வேண்டவே வேண்டாம்!

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை. இத்தனை வருடமாக ஏறிய பழுப்புதான் அவற்றுக்குக் காப்பு. புளியின் அமிலம் அதைச் சுரண்டிவிடும். இடுக்கில் தங்கிய மிச்சம் பச்சைக் களிம்பாகும். காய்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பனில் குங்குமம் படக் கூடாது, அலசவும் கூடாது. சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தாத்தா எந்தப் போர்க்களத்துக்குப் போனார் என்று சொல்வது அந்த ரிப்பன்தானே! கருநீலத்தின் நடுவே அகலச் சிவப்பு, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா. பாலைவன மணல் நிறத்தில் நடுவே சிவப்பு என்றால் ஆப்பிரிக்கா. சிவப்பு, வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, சிவப்பு என்றால் இத்தாலி. யாராவது ரிப்பனை மாற்றிக் கோத்திருக்கலாம். ஆகவே நட்சத்திரத்தின் நடு வட்டத்தில் உள்ள பெயரையும் படித்துப் பாருங்கள்.

இத்தாலி என்றதும் சுபேதார் சுப்பிரமணியன் நினைவுக்கு வருகிறார். மதராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. பட்டாளத்தில் அவர்களைத் 'தம்பிகள்' என்பார்கள். 1944 பிப்ரவரி 24, மிஞானோ என்ற ஊர். உடனிருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேலேயே பாய்ந்து உயிரைக் கொடுத்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதை அளித்தார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் இத்தாலி நட்சத்திரமும் அதே போர்க்களத்துக்கானது. அதற்கா புளி?

இனி மட்டை. வளைந்த தலை முசுக்கட்டை மரம். பிடி, பிரம்பும் ரப்பரும் பசையால் ஒட்டியது. ஓட்டுக்கடியில் பரணில் கிடந்தால் பசை காய்ந்து பிடி பிளக்கும். ஈரத்தில் வைத்தால் தலை உப்பும். சுவரில் சாய்த்தால் வளையும். படுக்க வைப்பதே நல்லது. வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நாலு சொட்டு விட்டுத் தலைக்கு மட்டும் தடவி, உடனே துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும். துளையிலிருந்து புதுப் பொடி உதிர்ந்தால் வண்டு உயிரோடிருக்கிறது. மற்ற மரச்சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள். பிடியின் பழைய துணியைக் கழற்றாதீர்கள், அதில் பெயரோ எண்ணோ எழுதியிருக்கலாம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். காகிதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். அதிலுள்ள தாத்தாவின் படை எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன் ஆவண அலுவலகம். தாத்தாவின் பணி விவரம் கேட்டு அங்கே கடிதம் எழுதும்போது அந்த எண் கட்டாயம் வேண்டும். வணக்கம்.